பெலிண்டா காட்டிய கோட்டை

மெயின்கார்டு கேட்டை ஒட்டிய அந்தச் சந்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று சுவர்தான். நான்காவது, பழைய கோட்டை மதில். குடியேறியவர்கள் கெட்டிக்காரர்கள். சும்மா கிடைத்த கருங்கல்லின் மேல் காரை பூசி, வெள்ளையடித்து, பீரோவை நிறுத்தி மறைத்துவிட்டார்கள். மதிலைப் பற்றி வெளியாரிடம் மூச்சு விடுவதில்லை என்பது அங்கே பேசாமலே இருந்த ஒப்பந்தம்.

பெலிண்டாவுக்கும் அது தெரியும். ஆனால் கணவர் ஜூட் போய்ச் சேர்ந்த பிறகு பேச ஆளில்லாத வீடு அவளைத் தின்றது. அப்போதுதான் ஞாயிற்றுக்கிழமைகளில் மதில் பார்க்கும் கூட்டம் வர ஆரம்பித்தது. காலையில் ஸ்ரீரங்கத்து மதில்களைச் சுற்றிவிட்டு, தொப்பியும் கேமராவுமாக இங்கே வந்து நிற்கும். லூர்து மாதா கோயிலில் பூசை முடிந்து வந்தவள் ஒருநாள் அவர்களை மறித்தாள்.

"வெயில்ல ஏன் நிக்கிறீங்க? உள்ள வாங்க, அசல் கோட்டை எங்க வீட்லதான் இருக்கு."

அவர்களுக்காக பீரோவை நகர்த்தினாள், காரையைச் சுரண்டினாள். கல் தெரிந்ததும் கூட்டம் வாயைப் பிளந்தது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அத்தனை பேர் தன் பேச்சைக் கேட்டு எத்தனை காலமாயிற்று!

பக்கத்து வீட்டு பஸீலா பதறி வந்தாள். "வேணாங்க்கா, மூடிடுங்க. இது வெளிய தெரிஞ்சா வம்பு."

"போடி, போட்டோ எடுத்துட்டுத்தானே போறாங்க."

போட்டோ போகக் கூடாத மேசைக்கெல்லாம் போனது. தொல்லியல் துறையிலிருந்து அளக்க வந்தவர்கள் ஒரு வீட்டோடு நிற்பார்களா? வரிசை முழுக்கச் சுரண்டினார்கள். எல்லா வீட்டிலும் மதில். எல்லா வீடும் ஆக்கிரமிப்பு.

"ஸ்ரீரங்கத்துல மதிலுக்குள்ள ஊரே குடியிருக்கே சார்?" என்று பெலிண்டா கேட்டுப் பார்த்தாள்.

"அது வேறம்மா" என்றார் அளந்தவர். டேப்பை இழுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

காலி செய்யும் நாளில் பஸீலாவின் சாமான்கள் முதலில் வண்டியேறின. பெலிண்டா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னைய நாலு வார்த்தை திட்டிட்டாவது போடி."

பஸீலா கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். "பேச ஆளில்லன்னா எங்கிட்ட வந்திருக்கலாம்லக்கா. ஒரு சுவர் தள்ளித்தானே இருந்தேன்."

வண்டி தெருமுனை திரும்பும்வரை பெலிண்டா பார்த்துக்கொண்டே நின்றாள். அப்புறம் உடைந்து அழுதாள். என்னவென்று கேட்க அந்தச் சந்தில் யாரும் வெளியே வரவில்லை.