ராணி அறையின் தாழ்ப்பாள்

நீலசந்திராவில் எங்கள் வீட்டுக் கதவுக்கு வெளியிலும் ஒரு தாழ்ப்பாள் இருந்தது. என் கணவர் தச்சர். வேலைக்குப் போகும்போது என்னை உள்ளே வைத்து அதைப் போட்டுவிட்டுப் போவார். என் மேல் சந்தேகம்.

தெருவுக்கு கேபிள் டிவி வந்த வருடம், பொருட்காட்சிக்காகச் ஒரு சீன அரண்மனையைப் பிளைவுட்டில் கட்டினார்கள். அவரும் அதில் வேலை செய்தார். திறப்பதற்கு முந்தின நாள் வேலை செய்தவர்களின் குடும்பங்களைச் சும்மா பார்க்க விட்டார்கள். ராஜா தூங்கும் அறையைத் தாண்டி ராணியின் அறைக்குப் போனோம். உள்ளே பட்டு மெத்தை. கதவுக்கு வெளியே, எங்கள் வீட்டில் உள்ளது போலவே தாழ்ப்பாள்.

"நான் போட்டதுடி. ராணியா இருந்தாலும் வெளிய தாப்பாதான், பாத்துக்கோ."

"அவ என்ன தப்பு பண்ணா?" என்றேன்.

எல்லார் முன்னாலும் அறைந்தார். மூக்கு ரத்தம் மெத்தையில் சொட்டியது. "மெத்தை போச்சு, மேஸ்திரி என்னைத் தொலைச்சிடுவான்" என்று மறுபடியும் அறைந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அவருடைய ஸ்குரூ டிரைவரை எடுத்து, அவர் கண் முன்னாலேயே தாழ்ப்பாளைக் கழற்றிச் சாக்கடையில் போட்டேன். சுத்தியல் காம்பால் அடித்தார். என் மணிக்கட்டு உடைந்தது.

"புதுசு போடுங்க. திரும்பவும் கழட்டுவேன்," என்றேன்.

அவர் போடவில்லை. என் எலும்பு கோணலாகத்தான் சேர்ந்தது. அந்த ராணிக்கு ஸ்குரூ டிரைவர் கிடைத்திருக்காது என்று சில சமயம் நினைத்துக்கொள்வேன்.