ஹாலம் ஊர் எல்லையில் நின்ற பலகை

ஆர்டிஸின் காபிக்கடைக்கு வரும்போதெல்லாம் வெர்லின் ஸ்கார் அரைக் கோப்பைதான் கேட்பான். நிலை வாசலில் குனிந்து நுழைகிற ஆள், தோளைப் பார்த்தால் கதவு போல இருப்பான். அவனுக்கு அரைக் கோப்பை காபி எந்த மூலைக்கு?

ஆர்டிஸின் கணவர் ஓர்விலுக்கு அப்போதுதான் கை நடுக்கம் தொடங்கியிருந்தது. முழுக் கோப்பையைத் தூக்கி வந்தால் பாதி தட்டில் கொட்டும். கொட்டினால் அவர் முகம் சுண்டிப்போகும். அரைக் கோப்பை கொட்டாது. அதைக் குடித்துவிட்டு, கால் மரத்துப்போனவன் மாதிரி மெல்ல எழுந்து, தானே போய் ஊற்றிக்கொண்டு வருவான் வெர்லின். ஆர்டிஸுக்கு இது புரியவே ஒரு வருஷம் ஆனது. புரிந்த அன்றைக்கு அடுப்புப் பக்கம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்படிப்பட்ட பிள்ளைக்கு நல்லது செய்கிறோம் என்று நினைத்துத்தான் அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள்.

வெர்லின் அமெரிக்காவில், தெற்கு டகோட்டா மாநிலத்தில் ஒரு சின்னக் கல்லூரிக்குக் கால்பந்து ஆடினான். காலால் உதைக்கிற ஆட்டம் இல்லை, கையில் ஏந்தி ஓடுகிற அமெரிக்கக் கால்பந்து. பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒருவன் ஓடுவான். அவனுக்கு முன்னால் நின்று, எதிராளிகளை முட்டித் தள்ளி வழி உண்டாக்குகிறவர்கள் ஐந்து பேர். வெர்லின் அந்த ஐவரில் ஒருவன். ஆட்டம் முழுக்க அவன் கை பந்தில் படாது. கூட்டம் எழுந்து கத்துகிறபோது அவன் எவன் மேலாவது விழுந்து கிடப்பான்.

அந்த வட்டாரத்துக் கல்லூரிகள் எட்டும் ஒரு கான்ஃபரன்ஸாகச் சேர்ந்து ஆடும். நவம்பரில் ஆட்டமெல்லாம் ஓய்ந்ததும் எட்டுப் பயிற்சியாளர்களும் கூடி உட்கார்ந்து, எல்லாக் கல்லூரியிலும் சிறந்த ஆட்டக்காரர்களைப் பொறுக்கிக் கான்ஃபரன்ஸ் அணி என்று பெயர் வெளியிடுவார்கள். தன் பையனுக்குத் தான் ஓட்டுப் போடக் கூடாது என்பது அங்கே விதி. ஆகவே அது தோற்றவன் வாயால் வருகிற பாராட்டு. வெர்லினுக்கு அது இரண்டு வருஷம் வந்தது. பத்திரிகையில் வந்த அந்த அணியின் படத்தை ஆர்டிஸ் வெட்டி, கல்லாப்பெட்டிக்கு மேலே ஒட்டி வைத்திருந்தாள். அந்தப் படத்தில் இருந்தவர்களில் பந்தோடு ஓடுகிற பையன் ஒருவன் தொழில்முறை அணியில் நாலு வருஷம் ஆடிவிட்டு, ஓமஹாவில் கார் விற்கப் போனான். ஒருவன் முழங்கால் போய்ப் பள்ளிக்கூடத்துப் பயிற்சியாளன் ஆனான். மற்றவர்கள் வயலுக்கும் மாட்டுக்கும் திரும்பினார்கள். வெர்லினைப் பெரிய நகரத்துத் தொழில்முறை அணி ஒன்று கோடை முகாமுக்குக் கூப்பிட்டது.

முகாமுக்குக் கூப்பிடுவது வேறு, அணியில் வைத்துக்கொள்வது வேறு. நூறு பேரைக் கூப்பிட்டு, வாரா வாரம் கழித்துக்கொண்டே வந்து, செப்டம்பர் பிறக்கும்போது பாதிப் பேரைத்தான் வைத்துக்கொள்வார்கள். ஹாலம் ஊரில் எல்லாருக்கும் இது தெரியும். தெரிந்தும், ஆகஸ்டில் ஒரு பயிற்சி ஆட்டத்தில் ரேடியோக்காரன் வாயில் அந்தப் பெயர் ஒரு தடவை வந்ததும் காபிக்கடை இரண்டுபட்டது.

"பேரைச் சொன்னான்யா! ஸ்கார்னு சொன்னான், கேட்டியா?" என்று முடி வெட்டுகிற செல்மர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"தள்ளுனதுக்குச் சொன்னானா, விழுந்ததுக்குச் சொன்னானா?" என்று கேட்டது மூலை மேசை.

"விழுந்தா என்னய்யா? நம்ம ஊர்க்காரன்தானே விழுந்தான்! உன் மவன் விழுந்தா ரேடியோல சொல்வானா?"

அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் ஆர்டிஸ் சொன்னாள், ஊர் எல்லையில் ஒரு பலகை வைக்கலாம் என்று. ஓர்வில் மட்டும் தயங்கினார்.

"கொஞ்சம் பொறும்மா. கடைசிக் கழிப்பு முடியட்டும்."

"அதுக்குள்ள அறுப்பு வந்துரும், ஏணி பிடிக்க ஒருத்தன் வரமாட்டான். ஏங்க, அந்தப் பிள்ளை மேல உங்களுக்கு நம்பிக்கை இல்லியா?"

பலகை வந்தது. "ஹாலம். வெர்லின் ஸ்காரின் சொந்த ஊர். இருமுறை கான்ஃபரன்ஸ் அணி. தொழில்முறைக் கால்பந்து வீரர்." கடைசி வரியைப் பெரிய எழுத்தில் போடச் சொன்னவளும் ஆர்டிஸ்தான். சனிக்கிழமை பாஸ்டர் டோலஃப்சன் பலகைக்கு முன்னால் நின்று ஜெபம் பண்ணினார். பெண்கள் பழம் வைத்த பலகாரம் சுட்டுக் கொண்டுவந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை வெர்லினைக் கழித்துவிட்டார்கள். காலைச் சாப்பாட்டில் ஒருவன் வந்து தோளைத் தொட்டு, "கோச் கூப்பிடுறார், ஆட்டப் புத்தகத்தையும் எடுத்துக்கிட்டு வா" என்று சொன்னால் கதை முடிந்தது என்று அர்த்தம். கணக்கில் சேருகிற ஆட்டம் ஒன்றில்கூட அவன் இறங்கவில்லை.

அப்பாவின் வண்டியில் ஊருக்குத் திரும்பி வந்தவன் எல்லையில் அந்தப் பலகையைப் பார்த்தான். "யார் வெச்சது?" என்று மட்டும் கேட்டானாம். "ஊர்" என்றாராம் அப்பா.

அந்த வாரமே பலகையைக் கழற்றியிருக்கலாம். ஆனால் கழற்றுவது என்றால், கழித்துவிட்டார்கள் என்று தண்டோரா போடுவது மாதிரி. ஆர்டிஸ் நினைத்தாள், ஊராட்சியே எடுத்துவிடும் என்று. ஊராட்சி நினைத்தது, வைத்தவளே எடுக்கட்டும் என்று. வெர்லின் வாய் திறந்து கேட்பான் என்று எல்லாரும் நினைத்தார்கள். ஹாலத்துக்காரர்கள் மழையைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவார்கள், மனசில் தைத்த முள்ளைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். பனி வந்தது, வசந்தம் வந்தது. பலகை நின்றது.

வெர்லின் தானியக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தான். லவான் என்ற நல்ல பெண்ணைக் கட்டினான், கிரெட்டா என்று ஒரு மகள் பிறந்தாள். அவன் வீடு கிழக்கே, பலகை நின்ற நெடுஞ்சாலைப் பக்கம். ஆனால் வேலைக்குப் போக நெடுஞ்சாலையில் வரமாட்டான். ஊரைச் சுற்றிக்கொண்டு மேற்கேயிருந்து சரளைக்கல் பாதையில் வருவான். அவன் வண்டி எழுப்பும் புழுதி ஆர்டிஸின் கடை ஜன்னலில் தெரியும். ஒவ்வொரு காலையும் அந்தப் புழுதி தெரிந்ததும் அவள் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொள்வாள். ஞாயிற்றுக்கிழமை பாவ அறிக்கை சொல்லும்போது சபையோடு சேர்ந்து உதடு அசையும், உள்ளே பலகைதான் நிற்கும். தேவன் பெயரைச் சொல்லி ஆசீர்வதித்த பொய். அதற்கு யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது?

கிரெட்டா வளர்ந்து பள்ளிக்கூடக் கூடைப்பந்து அணியில் சேர்ந்தபோதுதான் அது வெடித்தது. பக்கத்து ஓல்டன் ஊரோடு ஆட்டம். ஆர்டிஸ் அரங்கத்து வாசலில் பாப்கார்ன் விற்றுக்கொண்டிருந்தாள். கிரெட்டா கோட்டில் நின்று பந்தை எறியப் போகையில் ஓல்டன் கூட்டத்திலிருந்து ஒரு குரல் கிளம்பியது.

"ஏய் ஸ்கார்! உங்கப்பன் எந்த டீம்ல ஆடினான்? பலகை டீம்லயா?"

"இல்லடா, மரக்கட்டை டீம்! இன்னும் நடுரோட்ல நிக்கிறான் பாரு!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பந்து வளையத்தைத் தொடவே இல்லை. மேல் வரிசையில் உட்கார்ந்திருந்த வெர்லின் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான். ஹாலத்துக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

ஆட்டம் முடிந்து கிரெட்டா ஆர்டிஸிடம் வந்தாள்.

"ஆர்டிஸ் அத்த, அப்பா நெசமாவே ஆடுனாரா? கேட்டா எந்திரிச்சுப் போயிடறாரு."

"அம்மாகிட்ட கேளு கண்ணு" என்றாள் ஆர்டிஸ். சொல்லும்போதே தன் நாக்கை வெட்டிப் போடலாம் போலிருந்தது அவளுக்கு.

அடுத்த வாரம், வெயில் அடித்த ஒரு மத்தியானம், கடையை ஓர்விலிடம் விட்டுவிட்டு ஏணியையும் ஒரு டப்பா வெள்ளைப் பெயின்ட்டையும் எடுத்துக்கொண்டு எல்லைக்குப் போனாள். பொய் ஒரு வரிதானே, அதை மட்டும் அழித்துவிட்டால் மிச்சமெல்லாம் உண்மை என்பது அவள் கணக்கு. காற்றில் ஏணி ஆடியது. பாதி வரி அழிந்திருந்தபோது, கீழே யாரோ ஏணியைப் பிடித்தது தெரிந்தது. வெர்லின். யாரோ கிடங்குக்குப் போய்ச் சொல்லியிருக்கிறார்கள்.

"அக்கா, எறங்குங்க. விழுந்து வெப்பீங்க."

"முடிச்சுட்டு எறங்குறேன்."

அவள் மிச்சத்தையும் பூசி முடித்ததும், "அந்தக் கடைசி எழுத்துல கொஞ்சம் கருப்புத் தெரியுது" என்றான் அவன்.

அவள் அதையும் பூசினாள். இறங்கியபின் இரண்டு பேரும் நெடுஞ்சாலையைப் பார்த்து நின்றார்கள். மன்னித்துவிடு என்ற வார்த்தை அவள் தொண்டை வரை வந்தது. "பெயின்ட்டு மலிவா கெடச்சுது" என்றுதான் வாயில் வந்தது. அவன் தலையாட்டிவிட்டு ஏணியைத் தூக்கி அவள் வண்டியில் வைத்தான்.

மறுநாள் செல்மர் கடைக்குள் நுழையும்போதே ஆரம்பித்தார்.

"ஏம்மா, புத்தி கெட்டுப்போச்சா? இத்தனை வருஷமா அந்தப் பலகையை எவன் படிச்சான்? இப்ப வர்றவன் போறவன் எல்லாம் வண்டிய நிறுத்தி, இந்த வெள்ளைப் பட்டைக்கு அடியில என்னய்யா இருக்குன்னு என்கிட்ட வந்து கேக்குறான்!"

போய்ப் பார்த்தாள். உண்மைதான். பலகை வெயிலில் பழுத்து மஞ்சளாகியிருந்தது. அதில் புது வெள்ளை, பழுப்புப் பல்வரிசையில் கட்டிய பொய்ப்பல் மாதிரி பளிச்சென்று தெரிந்தது. எழுதி வைத்துச் செய்த அவமானத்தை அழித்து இரண்டு மடங்காக்கியிருந்தாள். அன்று மாலை ஜெபிக்க முழங்காலிட்டாள்.

வரும் ஞாயிறு ஆராதனை முடிந்து கோயில் கீழறையில் காபி குடிக்கும்போது, எல்லாருக்கும் முன்பாகத் தன் தப்பைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். ஓர்விலிடமும் சொன்னாள். "சொல்லு. நான் பக்கத்துல நிக்கிறேன்" என்றார் அவர்.

ஞாயிறு வந்தது. கீழறை நிறைய ஜனம். ஆர்டிஸ் பெரிய காபிப் பாத்திரத்துக்குப் பின்னால் நின்றாள். பாஸ்டர் அறிவிப்புகளை முடித்து, "வேற யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார். அது வழக்கமாகக் கேட்கிற கேள்வி, வழக்கமாக யாரும் எழ மாட்டார்கள். ஆர்டிஸின் கை பாத்திரத்தின் குழாயைப் பிடித்தது. கால் நகரவில்லை. தண்ணீரில் ஊறிய மரம் மாதிரிக் கனத்தது. ஓர்வில் அவளைப் பார்த்தார். அவள் குனிந்து கோப்பைகளை அடுக்க ஆரம்பித்தாள்.

அப்போது பின்வரிசையில் ஒரு நாற்காலி கிரீச்சென்றது. வெர்லின் எழுந்து நின்றான். அந்த அறையில் அவன் பேசி யாரும் கேட்டதில்லை.

"அந்த முகாம்ல என்னைக் கழிச்சுட்டாங்க" என்றான். "உங்க எல்லாருக்கும் தெரியும். நான் ஒரு ஆட்டமும் ஆடல. வந்த அன்னிக்கே சொல்லியிருக்கணும். வெக்கமா இருந்துச்சு." பக்கத்தில் கிரெட்டா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பலகைய எடுத்துரலாம். அந்தக் கம்பம் ரெண்டும் நல்ல மரம். கிடங்குல சரக்கு ஏத்துற எடத்துக்குத் தேவைப்படுது."

செல்மர்தான் வாயைத் திறந்தார்.

"அந்தக் கான்ஃபரன்ஸ் வரி நெசம்தானேப்பா? அதை விட்டுரலாமே."

"நெசம்தான் செல்மர் மாமா. என்கிட்ட அடி வாங்குன கோச்சுங்க போட்ட ஓட்டு அது. அவங்களுக்கு ஞாபகம் இருக்கும், பலகை எதுக்கு?"

சிரிப்பு எழுந்தது. யாரோ அவன் தோளில் தட்டினார்கள். லவான் கைக்குட்டையைத் தேடினாள். மறுநாள் சாயங்காலத்துக்குள் பலகை இறங்கிவிட்டது. செவ்வாய்க்கிழமை காலை வெர்லினின் வண்டி நெடுஞ்சாலை வழியாக வந்தது. ஊருக்கே பாரம் இறங்கியது.

ஆர்டிஸுக்கு மட்டும் இறங்கவில்லை. வைத்தவள் அவள், அழித்துக் கெடுத்தவள் அவள். கடைசியில் எழுந்து நின்று வெட்கப்பட்டது அவன். அவன் அந்தச் சில வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, தான் கோப்பை அடுக்கிக்கொண்டிருந்த சத்தம் அவள் காதில் அதன்பிறகும் கணகணவென்று கேட்டுக்கொண்டே இருந்தது. அவன் முன்போலவே கடைக்கு வந்தான், பேசினான், ஓர்வில் படுக்கையில் விழுந்தபோது தூக்கி உட்கார வைத்தான், அவர் போனபோது சவப்பெட்டியைச் சுமந்தான். ஒரு நாளும் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசினால் அவன் ஆறுதல் சொல்லிவிடுவானே, அதை வாங்கிக்கொள்ளத் தனக்கு முகம் ஏது என்று விட்டுவிட்டாள்.

கடையை மூடிவிட்டுத் தன் மகளோடு இருக்க அவள் ராப்பிட் சிட்டிக்குப் போன அன்று, பெட்டிகளை ஏற்றிக் கொடுக்க வெர்லின் வந்தான். அவனுக்கும் தலை நரைத்திருந்தது. அந்தக் குளிர்காலமே அவன் இதயம் நின்றுபோகப் போகிறது என்று இருவருக்கும் தெரியாது. கடைசிப் பெட்டியும் ஏறியது. மகள் வண்டியைக் கிளப்பிவிட்டாள். ஆர்டிஸ் ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள்.

"வெர்லின், அன்னிக்குக் கீழறையில... நான்தான் எந்திரிச்சிருக்கணும். சொல்லணும்னுதான் வந்தேன். காலு வரல. உன்னைத் தனியா நிக்க விட்டுட்டேன்ப்பா."

அவன் ஜன்னலில் கையை ஊன்றிக் குனிந்தான்.

"அன்னிக்கு நீங்க எந்திரிச்சிருந்தீங்கன்னா நான் அப்படியே உக்காந்திருப்பேன், அக்கா. அப்புறம் எம் மவ முன்னாடி நான் எந்திரிச்சே இருக்க மாட்டேன். போயிட்டு வாங்க. மேக்க பனி கொட்டுதாம், மெதுவா ஓட்டச் சொல்லுங்க."