பெரிய வியாதி

எனக்கு இருபது வயது நடந்தபோது என் கால்கள் என்னை ஏமாற்ற ஆரம்பித்தன. ஏமாற்றின என்றுதான் சொல்ல வேண்டும், வேறு வார்த்தை அகப்படவில்லை. படுத்தால் உள்ளங்கால் இரண்டும் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல எரியும். போர்வை பட்டால்கூடத் தாங்காது. விடிந்து எழுந்து நடந்தால் அதே கால், கீழே தரை இருப்பதே தெரியாமல் மதமதவென்று கிடக்கும். எரிகிற கால் எப்படி மரத்துப்போகும்? மரத்த கால் எப்படி எரியும்? இரண்டில் ஒன்றாக இருந்து தொலை என்று அதனோடு பல நாள் சண்டை போட்டிருக்கிறேன். கால் பதில் சொல்லவில்லை.

சர்க்கரை எனக்குப் பன்னிரண்டு வயதிலேயே வந்துவிட்டது. எங்கள் ஊர் மலைமேல், காவலூரில் பஸ்ஸை விட்டு இறங்கி இன்னும் மேலே நடக்க வேண்டிய இடம். எழுபதுகளின் கடைசியில் அங்கே சர்க்கரை வியாதி என்றால் கீழ்நாட்டில், உடம்பு வளையாத வயசாளிகளுக்கு வருவது என்றுதான் நினைப்பு. சாமைச் சோறும் களியும் தின்று வளர்ந்த பெண்ணுக்கு வந்ததை யாரும் நம்பவில்லை. "வெல்லத்தத் திருடித் துன்னியாடி?" என்று கேட்டவர்கள் உண்டு. திருடியிருந்தாலாவது ஒரு நியாயம் இருந்திருக்கும். இன்சுலின் மருந்தை ஈரமணல் நிரப்பிய பானைக்குள் புதைத்து வைத்திருப்போம். கண்ணாடி ஊசியைக் கொதிக்க வைத்து நானே தொடையில் போட்டுக்கொள்வேன். அந்த நேரம் பார்த்து அம்மாவுக்கு வெளியே ஏதாவது வேலை வந்துவிடும். மழை பிடித்து பஸ் நின்றுபோனால் மருந்தும் வராது. தீரப்போகிறது என்றால் குறைத்துப் போட்டுக்கொள்வேன். அது காலில் போய் விடியும் என்று அப்போது எனக்கு யார் சொன்னார்கள்?

அப்பா காப்பித் தோட்ட வேலைக்குக் குடகுக்குப் போயிருந்தார். வீட்டில் நானும் அம்மாவும்தான். ஒரு மார்கழிச் சாயங்காலம் அடுப்பின் முன்னால் காலை நீட்டிக் குளிர்காய்ந்துகொண்டிருந்தேன். அம்மா களி கிளறிக்கொண்டிருந்தவள் திடீரென்று மூக்கைச் சுளித்தாள்.

"இன்னாடி நாத்தம் இது? துணி கிணி எரியுதா பாரு."

நானும் எழுந்திருக்காமலே சுற்றுமுற்றும் பார்த்தேன். என் புடவையைப் பார்த்தேன், மூலையில் கிடந்த கோணிப்பையைப் பார்த்தேன். எதுவும் எரியவில்லை என்று சொன்னேன். அம்மா கரண்டியைப் போட்டுவிட்டு வந்து என் காலைப் பிடித்து இழுத்தாள்.

"அடிப்பாவி, காலு வேவுதுடி."

கட்டை விரல் ஒரு கொள்ளிக்கட்டையின் மேல் இருந்தது. தோல் வெந்து வெளுத்துப்போயிருந்தது. நான் அதை யாருடைய விரலையோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தேன். பயப்பட வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. வலிக்காத ஒன்றுக்கு எப்படி அழுவது என்று தெரியவில்லை.

மறுநாள் மலையிறங்கி ஆலங்காயம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே புதிதாக ஒரு டாக்டர் வந்திருந்தார். தெற்குப் பக்கத்துக்காரர் என்று பேச்சிலேயே தெரிந்தது. பொறுமையான மனிதர். விரலைக் கழுவிக் கட்டுப்போட்டார். ஒரு ஊசி முனையால் அங்கங்கே குத்தி, தெரிகிறதா தெரிகிறதா என்று கேட்டார். பிறகு அம்மாவைப் பார்த்துச் சொன்னார்.

"சின்ன வயசிலயே சர்க்கரை வந்திருக்கு. கவனிக்காம விட்டா நரம்பைத்தான் தின்னும். அதான் உணர்ச்சி போயிருக்கு. இது பெரிய வியாதிம்மா. லேசா நெனைச்சிராதீங்க."

அதற்குப் பிறகும் அவர் நிறையப் பேசினார். செருப்பைப் பற்றி ஏதோ சொன்னார், தினமும் பாதத்தைத் திருப்பிப் பார்க்கச் சொன்னார் என்று நினைக்கிறேன். எங்கள் காதில் எதுவும் விழவில்லை. பெரிய வியாதி என்ற இடத்திலேயே நாங்கள் இரண்டு பேரும் நின்றுவிட்டோம்.

எங்கள் பக்கத்தில் பெரிய வியாதி என்றால் ஒன்றுதான். தொழுநோய். அந்தப் பேரை வாய்விட்டுச் சொல்ல எல்லோருக்கும் கூச்சம், பயம். அதனால் அதற்கு மரியாதையாக வைத்த பேர் அது. காசநோய் வந்தால் இருமல். காமாலை வந்தால் மஞ்சள். பெரிய வியாதி என்று அதைத் தவிர வேறு எதையும் யாரும் சொன்னதில்லை. டாக்டருடைய ஊரில் எப்படியோ எனக்குத் தெரியாது. எங்களுக்கு அவர் தீர்ப்பே சொல்லிவிட்டார்.

அதோடு எல்லாம் பொருந்திப் போனது, அதுதான் கொடுமை. பக்கத்து ஊரான கொல்லிமேட்டில் ஒருவருக்கு அது வந்திருந்தது. அவருக்கும் முதலில் காலில்தான் உணர்ச்சி போனது. அவரும் நெருப்பை மிதித்தது தெரியாமல் நின்றவர். ஊருக்கு வெளியே குடிசை போட்டு வைத்தார்கள். அவர் பெண்சாதி ஒரு பாறைமேல் கஞ்சியை வைத்துவிட்டுத் தள்ளி நின்று கூப்பிடுவாள். பிறகு அவரைக் கீழ்நாட்டில் அப்படிப்பட்டவர்கள் இருக்கும் காலனிக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் திரும்பி வரவில்லை. இனி என்னையும் அனுப்பிவிடுவார்கள். பஸ்ஸில் மலையேறி வரும்போது எனக்கு அது ஒன்றுதான் மனசில் ஓடியது. வீட்டை விட்டு, அம்மாவை விட்டு, தெரியாத ஊரில், ஊசியும் கையுமாக.

அப்படியென்றால் சர்க்கரை? இரண்டும் வந்திருக்கிறதா, அல்லது இத்தனை வருஷமாகச் சர்க்கரை என்று சொன்னதே தப்பா? சர்க்கரைக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம்? அது சிறுநீரில் போவது, காலில் எப்படி இறங்கும்? இதையெல்லாம் கேட்க எனக்கு ஆள் கிடையாது. அம்மாவிடம் கேட்டிருக்கலாம். ஆனால் மண்சுவர் வீட்டில் அந்த வார்த்தையை ஒரு தரம் சொல்லிவிட்டால் அது தானாகத் தெருவுக்குப் போய்விடும் என்று பயம். அவளும் கேட்கவில்லை. விரலில் கட்டு எதற்கு என்று விசாரித்தவர்களிடம், கல் தடுக்கியது என்று இருவரும் சொல்லிவைத்ததுபோல ஒரே பொய்யைச் சொன்னோம்.

என்னைக் குழப்பியது அம்மா நடந்துகொண்ட விதம். அவள் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவளே அல்ல. ஊசி போட்ட கையோடு நான் சாப்பிட்டாக வேண்டும் என்று எனக்கு முதலில் போட்டுவிட்டு, எல்லா வேலையும் முடித்து, சட்டியிலேயே கையை விட்டுச் சாப்பிடுகிறவள். ஆலங்காயம் போய்வந்த நாளிலிருந்து நான் பாதி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே வந்து எதிரில் உட்கார்ந்து என் தட்டில் கையை வைத்தாள்.

"உனுக்குத் தனியா போட்டுக்கோ" என்றேன்.

"இதுலயே துன்னா இன்னா, கொறஞ்சா பூடுவ?"

நான் தட்டைத் தள்ளிவைத்தேன். என் டம்ளரைத் தனியாகக் கவிழ்த்துவைத்தேன். அவள் தேடி எடுத்து அதிலேயே தண்ணீர் குடித்தாள். வாசற்படிக்கு வெளியே பாய் போட்டுப் படுத்தால், அவளும் அங்கே வந்து என் போர்வையின் ஒரு முனையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். என் கட்டைப் பிரித்து, புண்ணை வெறுங்கையால் துடைத்தாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. டாக்டர் சொன்னது இவள் காதில் விழுந்ததா இல்லையா? விழுந்திருந்தால் இப்படிச் செய்வாளா? விழவில்லை என்றால், புளியங்காய் பறிக்கக் கூப்பிட வந்தவளிடம் என் கால் தெரியாதபடி ஏன் குறுக்கே நிற்கிறாள்? இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்றுகூட நினைத்தேன். ஒரு நாள் தாங்காமல், "தூரப் போயேன், மேல வந்து உழாத" என்று கத்திவிட்டேன். அவள் நகரவே இல்லை.

தனியாக இருக்கும்போது துடைப்பக் குச்சியால் காலைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். குதிகாலில் கொஞ்சம் தெரியும், விரலில் தெரியாது. அடுத்த நாள் குதிகாலிலும் தெரியாது. பிறகு தெரிந்த மாதிரி இருக்கும். கண்ணால் பார்த்ததால் தெரிந்ததா, காலால் தெரிந்ததா என்று சந்தேகம் வந்துவிடும். எங்கள் மேட்டிலிருந்து பார்த்தால் காவலூரில் நட்சத்திரம் பார்க்கிறவர்களின் வெள்ளைக் குமிழ்க் கட்டடம் தெரியும். எங்கேயோ இருப்பதையெல்லாம் அவர்கள் கண்டுபிடிக்கிறார்கள், எனக்கு என் சொந்தக் கால் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லையே என்று எரிச்சலாக இருக்கும்.

புளி உலுக்கி முடித்து, வாசலில் குவித்துக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்த சமயத்தில் தேமல் பார்க்கிறவர் வந்தார். அப்படித்தான் ஊரில் அவரைச் சொல்வார்கள். தொழுநோய் இருக்கிறதா என்று வீடு வீடாகப் பார்க்க வருகிற ஆஸ்பத்திரி ஊழியர். முதுகைக் காட்டச் சொல்வார், கையைக் காட்டச் சொல்வார், தேமல் இல்லையென்றால் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். அந்த வருஷம் அவர் கண் என் கட்டைவிரலில் நின்றது. நான் காலை உள்ளே இழுத்துக்கொண்டேன். புளி ஓட்டின்மேல் கால் பட்டு நொறுங்கிய சத்தம் கேட்டது, காலுக்குத் தெரியவில்லை. அவர் அதைக் கவனித்துவிட்டார்.

"காலை நீட்டும்மா. கண்ண மூடிக்கோ. நான் எங்க தொடறனோ அங்க வெரல வெச்சிக் காட்டு."

அவர் பையிலிருந்து ஒரு கோழி இறகை எடுத்ததைப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். வெகுநேரம் எதுவும் நடக்கவில்லை.

"எப்பங்க தொடுவீங்க?" என்று கேட்டேன்.

கண்ணைத் திறந்தேன். இறகு என் உள்ளங்காலின் நடுவில் இருந்தது. அவர் முகத்தையும் அதற்கப்பால் அம்மா முகத்தையும் பார்த்தபோதுதான், அவர் தொட ஆரம்பித்து வெகுநேரம் ஆகிவிட்டது என்று புரிந்தது. முடிந்தது, இனி இந்த வாசலில் நான் உட்காரப்போவதில்லை என்று நினைத்தேன்.

அவர் என் முழங்கைக்குப் பின்னால் தடவினார், முழங்காலின் பக்கவாட்டில் அமுக்கிப் பார்த்தார், காதுக்குக் கீழே பார்த்தார். அப்போது அம்மா புளிக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இரண்டு காலையும் என் காலுக்கு ஒட்டினாற்போல நீட்டினாள்.

"எனுக்கும் பாருங்க."

கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். அவர் என்ன நினைத்தாரோ, இறகால் அவள் பாதத்தைத் தொட்டார். விரல்கள் தாமாகவே சுருண்டன. அவள் கை அசையவில்லை.

"தெரியுதாம்மா?"

"தெரியலீங்க."

பேனா முனையால் லேசாகக் குத்தினார். கால் வெடுக்கென்று பின்னால் போனது. உடனே அதைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து வைத்தாள்.

"ஒண்ணும் தெரியலீங்க. எனுக்கும் அதேதான். எனுக்கும் எழுதிக்கோங்க. அனுப்பறதுன்னா ரெண்டு பேரையும் சேத்தே அனுப்பிடுங்க."

"எங்கம்மா அனுப்பணும்?"

"பெரிய வியாதிக்காரங்கள அனுப்புவீங்களே, அங்கதான். டாக்டரே சொல்ட்டாருங்க."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் தட்டில் அவள் கை வைத்ததும், என் போர்வைக்குள் வந்ததும், புண்ணை வெறுங்கையால் துடைத்ததும். அவள் காதில் எல்லாம் விழுந்திருந்தது. நான் போகிற இடத்துக்கு வருவதற்காக அந்த நோயைத் தன் மேல் ஒட்டவைக்கப் பார்த்திருக்கிறாள். ஒட்டவில்லை, அதனால் பொய் சொல்கிறாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்றும் இருந்தது, நாலு அறை அறைய வேண்டும் என்றும் இருந்தது. இரண்டும் செய்யாமல் புளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் எந்த டாக்டர், என்ன சொன்னார் என்று நிதானமாகக் கேட்டார். நான் சொன்னேன். சர்க்கரை என்ற வார்த்தை வந்ததும் தலையை ஆட்டினார்.

"அவரு சொன்னது சக்கரையத்தான். அவுங்க ஊர்ல பெரிய வியாதின்னா பெருசான வியாதி, அவ்ளோதான். இந்தப் பொண்ணுக்குத் தேமல் இல்ல, நரம்பு எங்கயும் தடிக்கல. காலொறை போட்டாப்ல ரெண்டு காலும் ஒரே மாதிரி மரத்துப் போயிருக்குது. சக்கரையில இப்டி ஆவும். சந்தேகம் இருந்தா ஆஸ்பத்திரிக்கு வந்து இன்னொரு தபா காட்டுங்க. யாரையும் எங்கயும் அனுப்ப வேணாம்."

"அப்ப எரியறதுங்க?" என்று கேட்டேன். "மரத்துப் போனது எப்டிங்க எரியும்?"

"கெட்டுப்போன நரம்பும்மா. இல்லாதத இர்க்குதுன்னும் சொல்லும், இர்க்கறத இல்லன்னும் சொல்லும்."

பாதி புரிந்தது. போகவிருந்த உயிர் திரும்பி வந்தது போல இருந்ததால் மீதியைப் பற்றிக் கவலைப்படவில்லை. அம்மாவைப் பார்த்தேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் இன்னும் காலை நீட்டியபடியே இருந்தாள்.

"சக்கரன்னா, அது ஒட்டாதுங்களா?" என்று அவரைக் கேட்டாள்.

"ஒட்டாதும்மா. யாருக்கும் ஒட்டாது. கூடவே இருந்தாலும், ஒரே தட்டுல துன்னாலும் ஒட்டாது."

ஆலங்காயத்திலிருந்து வந்தபோது அழாதவள், இத்தனை நாளும் அழாதவள், அப்போது அழுதாள். நல்ல சேதிக்கு ஏன் அழுகிறாள் என்று அவருக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. மூக்கைச் சிந்திவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அப்ப இத நீ ஒண்டியாத்தான் பட்டாவணுமா?"

அவள் தன் பாதத்தை என் பாதத்தின்மேல் வைத்து அழுத்தியிருந்தாள். குனிந்து பார்த்ததால்தான் எனக்கு அது தெரிந்தது.