நாற்பது சீட்டும் எங்கள் அத்தையும்

எங்கள் அத்தை டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. ஆனாலும் எங்கள் ஊர் மருத்துவக் கல்லூரியில் சேர நினைக்கிற யாரும் முதலில் பார்க்க வேண்டிய ஆள் அவள்தான். வாசலைத் தாண்டியதும் இடதுபக்கம், கண்ணாடியில் அரைவட்ட ஓட்டை போட்ட விசாரணை கவுன்ட்டர். பத்தொன்பது வருடமாக அதற்குப் பின்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கிறாள். "அங்க பேசித் தீர்த்துட்டு வருவான்னு பார்த்தா, வீட்டுக்கும் மிச்சம் வெச்சிருக்கா" என்பார் அப்பா. சத்தமாகச் சொல்ல மாட்டார். அவள் அவருக்கு அக்கா.

நான் பத்தாவதோடு படிப்புக்கு டாட்டா காட்டியவன். ஒருநாள் குரலைத் தடிமனாக்கிக் கவுன்ட்டருக்குப் போன் போட்டேன். "என் பையனுக்கு ரத்தத்தைப் பார்த்தா மயக்கம் வரும். டாக்டராக்கலாமா?"

"தாராளமா கூட்டிட்டு வாங்க. முதல்ல மயங்கட்டும், மிச்சத்தை அப்புறம் பேசிக்கலாம்" என்றாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், "மயக்கம் தெளிஞ்சுதாடா?" என்று முதுகில் ஒன்று வைத்தாள்.

கல்லூரியில் வருடத்துக்கு மொத்தமே நாற்பது இடம். போன வருடம் ஏழு பேர் பாதியில் விட்டுப் போனார்கள். சேரும்போது சான்றிதழ்களை வாங்கி வைப்பவளும், போகும்போது திருப்பிக் கொடுப்பவளும் அத்தைதான். கொடுத்த நாளில் மட்டும் வீட்டில் பேச மாட்டாள். "பெரிய ஆஸ்பத்திரின்னு நினைச்சு வந்தேன்னு அழுவுதுங்க. வர்றப்பவே யாராவது சொல்லியிருக்கணுமில்ல?" என்று ஒருமுறை என்னிடம் கேட்டாள். நான் அவள் தட்டில் இருந்ததை எடுத்துத் தின்றேன். அதற்காவது திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை.

எனவே, சேர வருகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியதை அவளே ஒரு பக்கத்தில் தட்டச்சு செய்தாள். ஆறு மாதத்துக்கு முன் பெரிய கல்லூரி ஒன்றிலிருந்து வந்த புது பிரின்சிபால் அதைப் பாதிகூடப் படிக்கவில்லை.

"நல்லதை மட்டும் சொல்லுங்கம்மா. இந்த வருஷமும் சீட் காலியா கிடந்தா கவுன்ட்டரை மூடிட்டு, உங்களைப் பழைய ரெக்கார்டு ரூமுக்குத்தான் மாத்தணும்."

அங்கே ஜன்னல் கிடையாது. பேச ஆளும் கிடையாது. அத்தையை அங்கே உட்கார வைத்தால் ஒரே வாரத்தில் இரும்பு அலமாரியிடம் குடும்பக் கதை சொல்லிக்கொண்டிருப்பாள்.

மாணவர்களையும் பெற்றோரையும் அழைத்துக் கல்லூரியைக் காட்டும் நாள் வந்தது. வருகிறவர்களுக்குக் கொடுக்க பிரின்சிபாலே எழுதிய தாளை முந்நூறு பிரதி எடுக்கச் சொல்லி, அத்தை முதல்நாள் சாயங்காலம் பையோடு என்னை ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பினாள். பையில் இரண்டு தாளும் இருந்தன. பிரின்சிபால் தாளில் 'பசுமையான வளாகம்' என்று இருந்தது. வளாகத்தில் இருப்பது இரண்டு மரம். அத்தையின் தாளில் இப்படி இருந்தது:

'நீ ஒருநாள் வகுப்புக்கு வராவிட்டால் வாட்ச்மேன் வரைக்கும் தெரிந்துவிடும். பிண அறையின் மருந்து வாடை முதல் மாதம் முழுக்கச் சோற்றிலும் அடிக்கும், பிறகு பழகிவிடும். இதய ஆபரேஷன் இங்கே கிடையாது. காய்ச்சலும் பிரசவமும் எலும்பு முறிவும் உண்டு. அவற்றை முப்பது பேர் முதுகுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்க வேண்டாம், பக்கத்தில் நின்றே பார்க்கலாம். பரீட்சையில் தோற்றால் ஆறு வாரத்தில் மறுபரீட்சை. அழுவதற்கு நூலகத்தின் பின்படிக்கட்டு வசதி.'

முந்நூறு பிரதியும் இதைத்தான் எடுத்தேன். வேடிக்கைக்குச் செய்தேன் என்றுதான் வீட்டில் சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் பிரதிகளை நேராக வாட்ச்மேன் கையில் கொடுத்தேன், அவர் வாசலிலேயே எல்லோருக்கும் கொடுத்துவிட்டார். அத்தை மேடையில் மைக்கோடு இருந்ததால் பார்க்கவில்லை. முன்வரிசையில் ஓர் அப்பா எழுந்தார். "அழுவதற்குப் பின்படிக்கட்டு வசதின்னு போட்டிருக்கே, இது என்னங்க?"

கூடமே சிரித்தது. பிரின்சிபால் சிரிக்கவில்லை. அத்தை தாளை வாங்கிப் பார்த்தாள். பிறகு கதவோரம் நின்ற என்னைப் பார்த்தாள். ஓடிப்போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் கதவுக்குப் பின்னால் பாதி மறைந்துகொண்டேன். 'தாள் மாறிப்போச்சு' என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், தப்பித்திருப்பாள்.

"நான் எழுதினதுதாங்க" என்றாள். "எல்லாம் உண்மை. சேர்ந்து அழுவறதைவிட இப்பவே தெரிஞ்சுக்கறது நல்லதில்லையா? இது சின்ன காலேஜ். பெருசு வேணும்னா தாராளமா போங்க, கோவிச்சுக்க மாட்டேன்."

பன்னிரண்டு குடும்பம் எழுந்து போனது. நாற்காலிகள் தரையில் தேயும் சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. ரெக்கார்டு ரூம் சாவி எந்த ஆணியில் தொங்குகிறது, அதை எங்கே தொலைக்கலாம் என்று யோசித்தேன்.

அப்போது கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். "எனக்கு... எனக்குத் திக்கும். நோ... நோயாளிகிட்ட கேள்வி கேக்க முடியுமா?"

"நாப்பது பேர்தானே கண்ணு" என்றாள் அத்தை. "உன் முறை வந்தா பின்னாடி இருந்து நெருக்க இங்க கூட்டம் கிடையாது. நிதானமா கேளு."

அந்தப் பெண் பிரின்சிபாலைப் பார்த்தாள். அவரும் எழுந்தார். "முதல் வருஷம் உடலியல் நான்தான் எடுக்கறேன்மா. நீ முடிக்கிற வரைக்கும் நான் பேச மாட்டேன்" என்றார். அதன்பிறகு கேள்விகள் நிற்கவே இல்லை. விடுதிக் குளியலறை முதல் ராத்திரி டியூட்டி வரை எல்லாவற்றுக்கும் அத்தை பதில் சொன்னாள். பெருமை பேசவில்லை, மழுப்பவுமில்லை. அன்றைக்கே ஐம்பத்து மூன்று பேர் விண்ணப்பம் பூர்த்தி செய்து கொடுத்தார்கள். நாற்பது இடத்துக்கு.

சாயங்காலம் பிரின்சிபால் கவுன்ட்டருக்கு வந்தார். நான் மேசைக்கடியில் குனிந்துகொண்டேன். ரெக்கார்டு ரூம் பேச்சை அவர் எடுக்கவில்லை.

"அடுத்த தடவை அச்சடிக்கறப்ப ஒண்ணு சேர்த்துக்கோங்க. உடலியல் வாத்தியார் போர்டுல எழுதறது யாருக்கும் புரியாது."

"பசங்க ஆறு மாசமா அதைத்தான் சார் சொல்லிட்டிருக்காங்க" என்றபடி அத்தை தட்டச்சு செய்தாள். முடிகிறவரை அவர் நின்று பார்த்தார். ஓர் எழுத்தையும் மாற்றவில்லை.