கவுண்டரில கூப்பிடுற பேர்

நான் கரண்ட் வேலைக்குச் சாமான் வாங்கிறது லண்டனில வெம்பிளிப் பக்கம் இருக்கிற ஒரு மொத்தக் கடையில. வயர், சுவிட்ச், பிரேக்கர் எல்லாம் அங்கைதான். முதல் நாள் போனில ஓடர் போட்டால் விடியக் கட்டி வைச்சிருப்பினம். கவுண்டரில நிக்கிற வெள்ளைக்காரர் பெட்டியில ஒட்டியிருக்கிற பேரைப் பாத்துக் கத்துவார். அந்தப் பேருக்குரிய ஆள் கை தூக்கவேணும்.

நான் கை தூக்கிறது என்ரை மனிசியின்ரை பேருக்கு.

தனியத் தொழில் தொடங்கேக்கை எனக்குப் போனில இங்கிலீஷ் கதைக்க வராது. மனிசிதான் கதைச்சு எக்கவுண்ட் திறந்தவ. தன்ரை பேரிலயே திறந்திட்டா. ஓடர் போடுறதும் அவதான். நான் சாமான் ஏத்திற வானுக்குள்ள இருந்து என்ன வேணுமெண்டு சொல்ல, கிங்ஸ்பரி வீட்டில கறியைக் கிளறிக்கொண்டே போனில அமத்தி அனுப்புவா. கவுண்டர்க்காரர் அதை என்ரை பேரெண்டு நினைச்சிட்டார். எங்களுக்கேன் வில்லங்கம் எண்டு நானும் விட்டிட்டன்.

"பொம்பிளைப் பேருக்குக் கை தூக்கிறியளே, வெக்கமா இல்லையோ?" எண்டு அவ சிரிப்பா.

"வைச்சது ஆர், நீர்தானே?" எண்டு நான் பாய்வன்.

தை மாசம் அவ செத்துப்போனா. நெஞ்சு நோகுது எண்டா, ஆஸ்பத்திரிக்குப் போக முன்னம் முடிஞ்சுது. எனக்கு அழுகை வரேல்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிஞ்ச அடுத்த நாளே வேலைக்குப் போனன். ஹரோவில ஒரு வீட்டுக்கு முழுசாப் புது வயர் இழுக்கவேணும். போனன், சுவரை வெட்டினன், வந்தன், சாப்பிட்டன், படுத்தன். கால் விறைச்சால் கிள்ளினாலும் தெரியாதே, எனக்கு உடம்பு முழுக்க அப்பிடி இருந்தது.

ஒண்டை மட்டும் கவனிச்சன். அவவின்ரை பேரை ஒருத்தரும் சொல்லுறதில்லை. மகளுக்கு அம்மா. சனத்துக்கு அக்கா, அன்ரி. அந்தியேட்டியில ஐயர் ஒருக்காச் சொன்னார், அதோட சரி. நான் கலியாணம் கட்டின நாளிலயிருந்து "இஞ்சேரும்" எண்டுதான் கூப்பிட்டனான். இந்த லண்டனிலயே அவவின்ரை பேரை வாய்விட்டுச் சொல்லுறது கவுண்டர்க்காரர் ஒருத்தர்தான். அதுவும் மனுசன் நடுவில முறிச்சு, மிச்சத்தை விழுங்கிப்போடுவார். சொல்லுறாரே, அது போதும்.

அவவின்ரை போனில நானே ஓடர் போடப் பழகினன். தேவையில்லாத நாளிலயும் போட்டன். ரெண்டு சுவிட்ச், ஒரு பெட்டி ஸ்குரூ. அவரும் பேரைக் கத்துவார், நானும் கை தூக்குவன். வானுக்குப் பின்னால சுவிட்ச் குவிஞ்சு கிடந்தது. விசர் வேலைதான், எனக்குத் தெரியாமலில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தவள்.

"அப்பா, அந்த எக்கவுண்டை உங்கடை பேருக்கு மாத்திவிடட்டே? இனியும் அம்மான்ரை பேரில வைச்சிருக்கிறது சரியில்லை."

நல்ல மனசோடதான் கேட்டவள். வேண்டாம் எண்டால் ஏன் எண்டு கேப்பாள், அதுக்கு நான் என்னத்தைச் சொல்ல? சுவரைப் பாத்துக்கொண்டு இருந்தன். எனக்குச் சம்மதமெண்டு நினைச்சு அவள் அப்பவே மாத்திப்போட்டாள்.

முதல் நாள் இரவு போட்ட ஓடரை எடுக்கத் திங்கள் விடியக் கடைக்குப் போனன். கவுண்டர்க்காரர் ஒரு பெட்டியைத் தூக்கி வைச்சு ஒரு பேரைக் கத்தினார். ஒருத்தரும் கை தூக்கேல்லை. திரும்பவும் கத்தினார். ஆர் அந்த மடையன் எண்டு நானும் சுத்திப் பாத்தன். பிறகுதான் விளங்கிச்சு, அது என்ரை பேர்.

"ஆரோ புது ஆள் போல" எண்டு சொல்லிப் பெட்டியை ஓரமாத் தள்ளினார். பிறகு என்னைப் பாத்து, அவவின்ரை பேரைச் சொல்லி, "உன்ரை பேரில இண்டைக்கு ஒண்டும் வரேல்லையே" எண்டார்.

பெட்டி எட்டி எடுக்கிற தூரத்தில இருந்தது. ஹரோ வீட்டுக்காரர் என்னை எதிர்பாத்துக்கொண்டிருப்பார். அது என்ரை எண்டு ஒரு சொல்லுச் சொன்னால் போதும்.

"வடிவாப் பாருங்கோ, இருக்கும்" எண்டன்.

அவர் உள்ளுக்குப் போய், ஒவ்வொரு தட்டாக் குனிஞ்சு நிமிர்ந்து, அவவின்ரை பேரைச் சொல்லிச் சொல்லித் தேடினார். எனக்கு அண்டைக்குத்தான் அழுகை வந்தது.