பை இருந்தது, உள்ளே குழந்தை இல்லை

போன புதன்கிழமை ஸ்கேன் சென்டரில் ஒருவர் கேட்ட கேள்வி என்னை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது.

"இது யாரோட தப்புங்க டாக்டர்?"

கேட்டவர் பூபதி. என் சித்தி மகள் கவிதாவின் கணவர். மண்ணரையில் சொந்தமாகப் பனியன் யூனிட் வைத்திருக்கிறார். தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் பகுதி கவிதாவின் பொறுப்பு. பல வருடக் காத்திருப்புக்குப் பிறகு டெஸ்ட் பாசிட்டிவ். வாந்தி, மயக்கம் எல்லாம் முறையாக வந்தன. முதல் ஸ்கேனுக்குத் துணையாக நானும் போயிருந்தேன்.

ஸ்கேனில் கருவைச் சுற்றி வளரும் பை தெரிந்தது. பைக்குள் குழந்தை இல்லை.

"அப்புறம் எப்படிங்க பாசிட்டிவ்னு வந்துச்சு?" என்றாள் கவிதா.

டாக்டர் பொறுமையான பெண்மணி. ஒரு பேப்பரில் வட்டம் போட்டு விளக்கினார். தொடக்கத்தில் கருவின் செல்கள் எல்லாம் ஒரே மாதிரிதானாம். யார் என்னவாக வேண்டும் என்று சொல்ல அங்கே மேனேஜர் கிடையாது. தான் இருக்கும் இடம், பக்கத்து செல் அனுப்பும் சிக்னல்... இவற்றை வைத்து ஒவ்வொன்றும் ஒரு வழியில் திரும்புகிறது. வெளி ஓரத்தில் இருப்பவை நஞ்சுக்கொடியாகும். உள்ளே இருப்பவற்றில் சில சிக்னல் அனுப்பும். குழந்தை உருவாவது அவற்றிலிருந்து. அந்தச் சிக்னலை வாங்கிக்கொண்ட பக்கத்து செல்கள், குழந்தைக்கு ஆரம்ப ஊட்டம் தரும் வேறொரு சின்னப் பையாக மாறும்.

"வெளிச் செல்லெல்லாம் அதுங்க வேலையச் செஞ்சிருச்சும்மா. பாசிட்டிவ் காட்டுன ஹார்மோன் அங்கிருந்து வந்ததுதான். உள்ள இருந்ததுதான் வளரல. பெரும்பாலும் கரு உண்டாகறப்பவே குரோமோசோம்ல வர்ற கோளாறு. நீங்க எதையும் செஞ்சதாலயோ, செய்யாததாலயோ வந்தது இல்ல."

வராத பிள்ளைக்காக அந்த வெளிச் செல்கள் அத்தனை நாளும் உழைத்திருக்கின்றன.

அப்போதுதான் பூபதி அந்தக் கேள்வியைக் கேட்டார். எனக்கு ஆச்சரியமில்லை. பனியன் தைக்கும் எங்கள் ஊர்ப் பழக்கம் அது! வெட்டிய துணிக்கட்டு ஒவ்வொன்றிலும் தைத்தவர் நம்பர் இருக்கும். தையல் விட்டிருந்தால் செக்கிங் டேபிளில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். நம்பரைப் பார்த்து, நேராக அந்த மெஷின் முன்னால் போய் நிற்பார்கள். தப்பு என்றால் ஆள் கிடைத்தாக வேண்டும்.

"யாரோட தப்பும் இல்லீங்க" என்றார் டாக்டர்.

"செரிங்க. புரிஞ்சுதுங்க" என்று தலையாட்டினார் பூபதி. நானும் நம்பினேன்.

திரும்பும்போது கார் இன்னும் மெயின் ரோடுகூட ஏறவில்லை... "போன மாசம் முதலிபாளையத்துக்கு ஸ்கூட்டர்ல போனியே கவிதா? ரோடு பூரா குழி" என்றார் பூபதி. கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். அதுதான் இன்னும் மோசம்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஏனுங்க, டாக்டர் சொன்னது காதுல உழுகலீங்களா?"

"உழுந்துச்சுங்க அக்கா. ஆனா ஒரு காரணமில்லாம எப்படிங்க இப்படி ஆவும்?"

அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. பாவம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் துக்கத்துக்கு ஓர் ஆளைப் பிடிக்கக் கிளம்பினால், கையில் சிக்குவது எப்போதும் பெண்ணாகவே இருப்பது எப்படி?

பின் சீட்டில் கவிதா ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்: "நாந்தானுங்க அக்கா. நான் ஸ்கூட்டர்ல போயிருக்கக் கூடாதுங்க."

தினமும் துணியில் ஸ்டிக்கர் ஒட்டும் பெண். அன்றைக்குத் தனக்கே ஒட்டிக்கொண்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. செல் சிக்னல், குரோமோசோம் என்று நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதெல்லாம் அவளுக்குப் புரிந்தது. புரிந்து என்ன பயன்? மனசில் ஏறவில்லையே!

நேற்று அவள் வீட்டுக்குப் போனேன். படுத்திருந்தாள். மாமியார் காபி கொடுத்தார், அன்பாகத்தான் பேசினார். "இனி அவ கம்பெனிக்கெல்லாம் போவ வேண்டாங்கண்ணு. ஊட்லயே இருக்கட்டும்."

வெளியே வந்தேன். ஸ்கூட்டர் வாசலில்தான் நிற்கிறது. சாவி மாமியார் இடுப்பில்.