இரண்டு பூவரசுக்கு நடுவே

வாப்பாவை அடக்கிய கபுறடிக்குப் போக நான் சுற்றுலாப் பயணியாக வேண்டியிருந்தது. கல்முனையில் புடவைக் கடை வைத்திருக்கிற மனிதன், முதுகில் பையும் தலையில் கம்பனித் தொப்பியுமாக, கொழும்பிலிருந்து வந்தவர்களோடு வரிசையில் நின்றேன். புறப்படும்போது என் மனைவி பார்த்துச் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சண்டைக்காலத்தில் எங்கள் சனங்கள் வயலையும் வாடியையும் போட்டுவிட்டுக் கடற்கரைப் பக்கம் ஓடிவந்த வழியில் இருக்கிறது அது. இப்போது வனப் பாதுகாப்பு எல்லைக்குள் போய்விட்டது. காணி உறுதியைக் காட்டினாலும் காவலர் உள்ளே விடமாட்டார். அனுமதி பெற்ற நடைப்பயணக் கம்பனியோடு போனால் சல்யூட் அடித்து விடுகிறார். ‘போர்க்காலப் பாதை, கிராமத்து வீடுகளில் தங்கல்’ என்று விளம்பரம் வேறு. நாங்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிய வழியில் இவர்கள் காற்று வாங்கப் போகிறார்கள்.

வாப்பா அந்த வழியில்தான் சூடு பட்டு விழுந்தார். எந்தப் பக்கத்துத் துவக்கு என்று கேட்க அன்று நேரமில்லை, இன்று கேட்டால் சொல்ல ஆளில்லை. ஓடையைக் கடந்த மேட்டில் அவசரமாகக் குழி தோண்டி அடக்கினார்கள். தலைமாட்டிலும் கால்மாட்டிலும் அடையாளத்துக்கு மீஸான் கட்டை நட ஒரு பலகை கிடைக்கவில்லை. யாரோ வேலிக்கு வெட்டிப் போட்டிருந்த இரண்டு பூவரசங் கதியாலை நட்டுவிட்டு மறுபடி ஓடினோம். பச்சைக் கம்பை மீஸானாக வைத்ததை, மவுத்தாகும் வரை உம்மா ஒரு குறையாகவே சொன்னா. எனக்கோ அதுதான் ஒரே நம்பிக்கை. கதியால் துளிர்த்திருந்தால் மரமாக நிற்கும், வாப்பாவைக் கண்டுபிடித்துவிடலாம்.

முதல் நாள் தங்கியது காட்டோரத் தமிழ்க் கிராமத்தில், ஒரு அம்மாவின் வீட்டில். எனக்கென்று மீன் கறியைப் புதுச் சட்டியில் ஆக்கியிருந்தா. எல்லோரும் சாப்பிட உட்கார்ந்ததும் எங்கள் வழிகாட்டி, பாண்டிருப்பு இளைஞன், “அம்மா, மகன்ட கதையச் சொல்லுங்களன்” என்றான்.

“சந்தைக்கிப் போனவன். சேட்டு மாத்தித்துத்தான் போனான். திரும்பி வரல்ல. ஆருக்கு இன்னும் சோறு?”

எல்லாம் ஒரே மூச்சில். குழுவுக்குக் குழு சொல்லிச் சொல்லி அந்தக் குரலில் ஒன்றும் மிச்சமில்லை. ஒருவர் அவவைப் படம் எடுத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாப்பாவைப் பற்றி இந்தக் கூட்டத்திடம் வாய் திறப்பதில்லை என்று அங்கேயே முடிவெடுத்தேன்.

மறுநாள் காலை ஓடையில் இறங்கி, இடுப்பளவு நனைந்து ஏறினோம். மேட்டில் இரண்டு பூவரசுகள். ஒரு ஆள் நீளத்துக்கு இடைவெளி விட்டு, மஞ்சள் பூவோடு நின்றன. வாப்பாவின் தலைமாடு எந்தப் பக்கம் என்று பார்த்தேன். அதற்குள் வழிகாட்டி முந்திப் போய், ஒரு மரத்திலிருந்து மற்ற மரத்துக்குக் கயிற்றை இழுத்துக் கட்டினான்.

“நனைஞ்ச உடுப்பெல்லாம் கொண்டாங்க! கொடி கட்டுறதுக்கெண்டே மொளச்ச மரம் இது.”

காலுறைகள், கால்சட்டைகள், ஒரு துவாய். வாப்பாவின் மேல் சொட்டிக்கொண்டிருந்தன. ஒருவர் அங்கேயே உட்கார்ந்து பிஸ்கட் தின்றார். நான் வாய்க்குள் வாப்பாவுக்கு ஸலாம் சொன்னேன். பிறகு கொடியில் கிடந்தவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினேன்.

“என்ன காக்கா, என்னத்துக்குக் கழட்டுறீங்க?” எங்கள் ஊர் முறையில் அண்ணன் என்று கூப்பிட்டுக் கேட்டான் வழிகாட்டி.

“எறும்பு ஏறுது தம்பி.”

“அப்பிடியா? அடுத்த முறை வரக்குள்ள வேரடியில மருந்து ஊத்தி உடுறன். ஒண்டும் மிஞ்சாது.”

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

“வேணாம் தம்பி. இதுக்குள்ள எங்கட வாப்பா கிடக்காரு.”

பிஸ்கட் தின்றவர் துள்ளி எழுந்தார். வழிகாட்டியின் முகம் செத்துப்போயிற்று. “மன்னிச்சிருங்க காக்கா” என்றபடி கயிற்றை அவிழ்த்தான். நல்ல பிள்ளைதான். பிறகு கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பெண் மிக மெதுவாகக் கேட்டாள், “என்ன நடந்தது? சொல்லுங்களேன்.” அவளுடைய போன் ஏற்கனவே என் முகத்துக்கு நேரே உயர்ந்திருந்தது. வழிகாட்டியும் காதைக் கொடுத்தபடி பக்கத்தில் வந்தான். அடுத்த குழுவுக்குச் சொல்ல அவனுக்கும் வேண்டுமல்லவா.

முடியாது என்று சொல்லியிருக்கலாம்.

“ஓடி வரக்குள்ள சூடு பட்டிச்சி. ஓடையத் தாண்டித்தான் விழுந்தாரு. மீஸானுக்குப் பலகை கிடைக்கல்ல, கதியால நட்டம்.”

தலையில் அவர்களுடைய தொப்பி, கையில் யாருடையதோ ஈரக் காலுறை. நேற்றுச் சோறு போட்ட அந்த அம்மாவின் குரல்தான் என் வாயிலிருந்து வந்தது.